கொழுப்பு வேறு, தண்ணீர் வேறு: எம்.ஆர்.ஐ. அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்து மருத்துவபீடப் பிள்ளைகளும், ஸ்கான் அறைக்குப் புதிதாக வந்த ரேடியோகிராபர்மாரும், ரிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். வேறாகச் சொல்லாத இடமெல்லாம் எண்கள் 1.5 ரெஸ்லா காந்தத்துக்குரியவை. முதல் சில கேள்விகள் எல்லோருக்கும் விளங்கும். அதற்குப் பிறகு உயர்தரத்தில் படித்த பௌதிகவியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் நல்லது.

எம்.ஆர்.ஐ. தண்ணியைத்தானே பாக்கிறது? கொழுப்பு எப்பிடி அதில தெரியுது?

எம்.ஆர்.ஐ. பார்ப்பது ஐதரசன் அணுவின் கருவை, அதாவது புரோத்தனை. தண்ணீரில் ஐதரசன் இருப்பதுபோல் கொழுப்பின் நீண்ட காபன் சங்கிலியிலும் ஐதரசன் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே இரண்டும் சமிக்ஞை தரும். எலும்பின் கடினமான பகுதியிலும் புரதங்களிலும் உள்ள ஐதரசனின் சமிக்ஞை மிக விரைவாக அழிந்துவிடுவதால் வழமையான படத்தில் அகப்படுவதில்லை. மிஞ்சுவது இந்த இரண்டும்தான்.

கொழுப்பு வெள்ளையாத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும். அதை ஏன் மினக்கெட்டு எடுக்கினம்?

எல்லா நேரமும் எடுப்பதில்லை. சாதாரண ரி1 படத்தில் (துடிப்பு அடித்த புரோத்தன்கள் பழைய நிலைக்கு மீள எடுக்கும் நேரம்தான் ரி1) கொழுப்பு வெள்ளையாக இருப்பதால்தான் உறுப்புகளின் எல்லை துலக்கமாகத் தெரிகிறது. சிக்கல் வருவது, தேடுகிற நோயும் வெள்ளையாக இருக்கும்போது. என்பு மச்சையில் வீக்கம், கண்குழிக்குள் பார்வை நரம்பின் அழற்சி, கடோலினியம் ஊசி போட்ட பிறகு மார்பகத்தில் ஒளிரும் கட்டி: இவை எல்லாவற்றையும் சுற்றிக் கொழுப்புத்தான். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. சில இடங்களில் கொழுப்பே விடை. அதிரீனல் சுரப்பியில் ஒரு சிறு கட்டி தெரிந்தால், அதன் கலங்களுக்குள் கொழுப்பு இருக்கிறதா என்பதைப் பார்த்தே பெரும்பாலும் அது தீங்கற்ற அடினோமா என்று சொல்லிவிடுகிறார்கள். ஈரலில் கொழுப்பு எவ்வளவு என்பதும் இப்படித்தான். கொழுப்பை அழித்துவிட்டால் இந்த விடையும் கூடவே போய்விடும். அழிப்பதைவிடப் பிரித்து வைப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

எனக்குக் கொலஸ்ட்ரோல் கூட. அது இந்தப் படத்தில தெரியுமோ?

தெரியாது. இந்தப் படம் காட்டுவது தோலுக்கடியிலும், மச்சையிலும், ஈரல் கலங்களுக்குள்ளும் சேர்ந்துகிடக்கும் கொழுப்பை. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலுக்கு இரத்தப் பரிசோதனைதான் வழி. கொலஸ்ட்ரோல் சரியாக இருந்தும் ஈரலில் கொழுப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள், அதன் மறுதலையும் உண்டு.

இதுக்கெண்டு தனி ஊசி போடுவினமோ?

இல்லை. மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ரெண்டிலயும் இருக்கிறது ஒரே ஐதரசன். பிறகு எது எதெண்டு மெசினுக்கு எப்பிடித் தெரியும், சேர்?

புரோத்தன் ஒன்றுதான், அதைச் சூழ்ந்த இலத்திரன் முகில் வேறு. தண்ணீரில் ஒட்சிசன் இலத்திரன்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் புரோத்தனுக்கு மறைப்புக் குறைவு. கொழுப்பில் காபன் அவ்வளவு இழுப்பதில்லை, மறைப்புக் கூட. அதனால் கொழுப்பின் புரோத்தன் உணரும் காந்தப்புலம் ஒரு துளி குறைவு, சுழலும் மீடிறனும் (செக்கனுக்கு எத்தனை சுற்று என்பது) ஒரு துளி குறைவு. அந்தத் துளி மில்லியனுக்கு 3.4 பங்கு. 1.5 ரெஸ்லாவில் புரோத்தன் சுமார் 63.9 மெகாஹேர்ட்ஸில் சுழல்கிறது. அதில் மில்லியனுக்கு 3.4 பங்கு என்றால் ஏறத்தாழ 217 ஹேர்ட்ஸ்.

கோயில் வெளிவீதியைச் சுற்றும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாகப் புறப்பட்டாலும் ஒருவர் சற்று மெதுவாக நடக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கிழக்கு வாசலில் நிற்க மற்றவர் மேற்கு வீதியில் நிற்பார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் திரும்பவும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவார்கள். தண்ணீரும் கொழுப்பும் எதிரெதிராக நிற்க 2.3 மில்லிசெக்கன் எடுக்கும், மீண்டும் ஒன்றுசேர 4.6 மில்லிசெக்கன். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு எண்களே அடிப்படை.

ரிப்போட்டில இன்-பேஸ், அவுட்-பேஸ் எண்டு போட்டிருக்கு. உது என்ன?

இரண்டும் ஒரே அவத்தையில், அதாவது சுற்றில் ஒரே இடத்தில், நிற்கும்போது (4.6 மில்லிசெக்கன்) எடுத்த படம் இன்-பேஸ். அதில் தண்ணீர், கொழுப்பு இரண்டின் சமிக்ஞையும் கூடும். எதிர் அவத்தையில் நிற்கும்போது (2.3 மில்லிசெக்கன்) எடுத்தது அவுட்-பேஸ். அதில் ஒன்றிலிருந்து மற்றது கழியும். அவுட்-பேஸ் படத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம்: சிறுநீரகம், ஈரல், தசை எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்பு மையால் கோடு கீறியதுபோல இருக்கும். உறுப்பின் ஓரத்து வொக்சலில் (படத்தின் மிகச் சிறிய கனத்துண்டு) பாதி தண்ணீரும் பாதி கொழுப்புமாக இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

அப்ப டிக்சன் முறை எண்டு சொல்லுறது இதைத்தானோ?

இதையேதான். 1984இல் தோமஸ் டிக்சன் இதை வெளியிட்டார். இரண்டு படத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் தண்ணீர், கழித்து இரண்டால் வகுத்தால் கொழுப்பு. ஒரு வொக்சலில் தண்ணீர் 80, கொழுப்பு 20 என்று வையுங்கள். இன்-பேஸ் 100, அவுட்-பேஸ் 60. கூட்டினால் 160, பாதி 80. கழித்தால் 40, பாதி 20.

ஓ.எல். பிள்ளை செய்துவிடும் ஒருங்கமை சமன்பாடுதான். ஆனாலும் இந்த முறை ஆஸ்பத்திரிகளில் பரவலாக வருவதற்கு இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

எங்கட மெசினில ஃபற்-சற் பட்டன் ஒண்டு கிடக்கு. அதை அமத்தினாக் கொழுப்புப் போயிடும். பிறகு டிக்சன் என்னத்துக்கு?

ஃபற்-சற் என்பது, படம் எடுக்க முதல் கொழுப்பின் மீடிறனில் மட்டும் ஒரு வானொலி அலைத் துடிப்பை அடித்து அதன் சமிக்ஞையைச் செத்துப்போகச் செய்வது. காந்தப்புலம் எல்லா இடத்திலும் சீராக இருந்தால் அருமையாக வேலைசெய்யும். ஆனால் காற்றுக்கும் உடல் இழையத்துக்கும் காந்த ஏற்புத்தன்மை வித்தியாசம் மில்லியனுக்கு ஒன்பது பங்கு அளவில் இருக்கிறது. நாங்கள் நம்பியிருப்பதோ 3.4 பங்கு. ஆகவே கழுத்து, தோள்மூட்டு, முகத்துக் காற்றறைகள், கணுக்கால் போன்ற இடங்களில் கொழுப்பின் மீடிறன் துடிப்பின் எல்லைக்கு வெளியே நழுவிவிடும். கொழுப்பு வெள்ளையாகவே நிற்கும். அதைவிட மோசம், அந்த இடத்துத் தண்ணீர் அதற்குள் வந்து விழுந்து அழிந்துபோவது.

முழங்கால், இடுப்பு முள்ளந்தண்டு போன்ற ஒழுங்கான இடங்களுக்கு ஃபற்-சற் போதும், அதில் எனக்கு மறுப்பில்லை. கழுத்தடிக்கு நான் அதை நம்பமாட்டேன். டிக்சனிலும் காந்தப்புலப் பிழை வரும்தான், ஆனால் அதைக் கணக்கில் எடுத்துத் திருத்த வழி இருக்கிறது. ஃபற்-சற்றில் அழிந்தது அழிந்ததுதான்.

ஸ்ரேர் எடுத்தா எல்லா இடமும் கொழுப்பு ஒரே சீராப் போகுதே. ஊசி போட்ட பிறகும் அதையே எடுத்தா என்ன?

எடுக்கக்கூடாது. ஸ்ரேர் மீடிறனைப் பார்ப்பதில்லை, ரி1 நேரத்தைத்தான் பார்க்கிறது. எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிவிட்டு, கொழுப்பு பூச்சியத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் (சுமார் 150 முதல் 180 மில்லிசெக்கன்) படம் எடுக்கிறோம். கடோலினியம் ஏறிய கட்டியின் ரி1 குறைந்து கொழுப்பின் ரி1க்குக் கிட்ட வந்துவிடும். அப்போது தேடிப்போன கட்டியும் கொழுப்போடு சேர்ந்து மறையும். ஊசிக்கு முதல், முக்கியமாக உடம்புக்குள் உலோகத் தகடோ செயற்கை இடுப்பு மூட்டோ உள்ளவர்களுக்கு, ஸ்ரேர் நல்ல துணை.

ஒரு மூச்சுக்குள்ள ரெண்டு எக்கோ எடுத்து முழு வயிறும் முடிக்கிறது எப்பிடி?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பரிமாண வேகப் படத்தில் ஒவ்வொரு வரியையும் எடுக்க ஒரு ரி.ஆர். (ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) தேவை. அது 6 மில்லிசெக்கன் என்று வையுங்கள். 160 வரி, 40 துண்டு என்றால் 6400 தடவை, அதாவது 38 செக்கன். யாராலும் அவ்வளவு பிடிக்க முடியாது. ஒரே நேரத்தில் பல கொயில்களால் வாங்கி, வரிகளைப் பாதியாகக் குறைத்தால் 19 செக்கன். இரண்டு எக்கோவையும் (இன்-பேஸ், அவுட்-பேஸ் நேரங்களில் வாங்கும் இரண்டு சமிக்ஞைகள்) ஒரே ரி.ஆர்.க்குள், ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிவிடுவதால் டிக்சனுக்கென்று தனி நேரம் போவதில்லை. லாவா-ஃபிளெக்ஸ், வைப்-டிக்சன், எம்-டிக்சன் என்று ஒவ்வொரு கொம்பனியும் வேறு பெயர் வைத்தாலும் உள்ளே நடப்பது இதுதான்.

இரண்டு எக்கோவையும் தனித்தனி மூச்சில் எடுத்தால் ஈரல் இரண்டு மூச்சிலும் ஒரே இடத்தில் நிற்காது, கழித்தல் எல்லாம் பிழைக்கும். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய எழுபது வயது அம்மாவுக்கு 19 செக்கனும் கூடத்தான். அப்படியானவர்களுக்குத் துண்டின் தடிப்பைக் கூட்டி, துண்டின் எண்ணிக்கையைக் குறைத்து 12 செக்கனுக்குள் முடிப்பதே புத்தி. மூச்சு விட்ட நல்ல நுண்படத்தைவிட மூச்சுப் பிடித்த சாதாரண படம் மேல்.

கொழும்பில 1.5 ரெஸ்லாவில ஓடின புரொட்டக்கோலை 3 ரெஸ்லாவில அப்பிடியே போட்டன். கொழுப்புப் பிரியவே இல்லை. ஏன் அண்ணை?

3 ரெஸ்லாவில் வித்தியாசம் இரண்டு மடங்கு, சுமார் 434 ஹேர்ட்ஸ். எதிர் அவத்தை 1.15 மில்லிசெக்கனில் வரும், ஒரே அவத்தை 2.3இல். பிறகு 4.6இலும் ஒரே அவத்தைதான். ஆகவே நீங்கள் போட்ட 2.3, 4.6 இரண்டுமே இன்-பேஸ். ஒரே சமன்பாட்டை இரண்டுதரம் எழுதிவிட்டு இரண்டு தெரியாக் கணியங்களைத் தீர்க்கப் பார்த்ததுபோலாயிற்று.

காந்தம் சிறிதானால் மறுபக்கம். 0.3 ரெஸ்லா திறந்த காந்தத்தில் வித்தியாசம் 43 ஹேர்ட்ஸ் அளவில்தான், எதிர் அவத்தைக்கு 11 மில்லிசெக்கனுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அங்கே ஃபற்-சற் நினைத்தும் பார்க்க முடியாது. ஸ்ரேர் அல்லது பொறுமையான டிக்சன்.

தண்ணிப் படத்தில ஒரு கை முழுக்கக் கொழுப்பு வந்து நிக்குது. மெசின் பழுதோ?

மெசின் பழுதில்லை. டிக்சன் முறையின் பரம்பரை வியாதி இது. மேலே சொன்ன கூட்டல் கழித்தல், காந்தப்புலம் முற்றிலும் சீராக இருக்கிறது என்ற எண்ணத்தில் எழுதியது. உண்மையில் ஓர் இடத்தில் புலம் 50 ஹேர்ட்ஸ் பிசகியிருந்தால், 2.3 மில்லிசெக்கனில் அங்குள்ள எல்லாமே சுமார் 41 பாகை கூடுதலாகத் திரும்பியிருக்கும். பிசகு 217 ஹேர்ட்ஸ் என்றால் 180 பாகை: தண்ணீர் கொழுப்பைப் போலவும் கொழுப்பு தண்ணீரைப் போலவும் நடந்துகொள்ளும்.

சரி, அவத்தையைப் பார்க்காமல் படத்தின் அளவை மட்டும் எடுத்தால்? அப்போது வேறொரு பொறி. தண்ணீர் 80 கொழுப்பு 20 என்றாலும், தண்ணீர் 20 கொழுப்பு 80 என்றாலும் இன்-பேஸ் 100, அவுட்-பேஸ் 60. எண்கள் ஒன்றே. எது பெரியது என்று அளவு சொல்லாது, அவத்தைதான் சொல்லவேண்டும், அவத்தையையோ புலப்பிசகு குழப்பி வைத்திருக்கிறது. இந்த முடிச்சுத்தான் டிக்சனை இருபது வருடம் தாமதப்படுத்தியது.

கணினி இதை அவிழ்ப்பது ஒரு நம்பிக்கையில்: காந்தப்புலம் ஒரு வொக்சலிலிருந்து அடுத்ததுக்குத் திடீரென்று குதிக்காது, மெல்ல மெல்லத்தான் மாறும். ஓரிடத்தில் விடையைச் சரியாகப் பிடித்துவிட்டு அங்கிருந்து பக்கத்துக்குப் பக்கம் பரவிக்கொண்டு போகிறது. இடையில் காற்று வந்து தொடர்பு அறுந்தால் மறுபக்கத்தில் புதிதாக ஊகிக்க வேண்டும். கை உடம்பிலிருந்து காற்றால் பிரிந்திருக்கிறது. ஊகம் பிழைத்தால் கை முழுவதும் மாறிவிடும். இரண்டு கால்களில் ஒன்று, நுரையீரலுக்கு அடியில் ஈரலின் கூரைப்பகுதி, இவையும் இப்படி மாறும் இடங்கள்.

மாறியிருக்கெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? சின்னதா ஒரு மூலையில மாறியிருந்தா?

கை முழுவதும் மாறினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்து, ஈரலின் ஒரு மூலை மட்டும் மாறுவது. கொழுப்புத் திட்டு என்றோ, மறுபடத்தில் ஒளிரும் கட்டி என்றோ ரிப்போட்டில் ஏறிவிடக்கூடும். நான் பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் நிச்சயம் தண்ணீரான இடங்கள்: முள்ளந்தண்டுத் திரவம், பித்தப்பை, மண்ணீரல். இவை கொழுப்புப் படத்தில் வெள்ளையாக நின்றால் அங்கே மாறியிருக்கிறது. பிறகு சந்தேகமான திட்டின் ஓரம். நோய்க்கு உடற்கூற்றோடு ஒட்டிய ஓரம் இருக்கும். மாறிய இடத்தின் ஓரமோ இரத்தக்குழாயையும் பொருட்படுத்தாமல், கத்தரியால் வெட்டியதுபோல் ஓடும்.

கடைசியாக இன்-பேஸ், அவுட்-பேஸ் இரண்டையும் திறந்து பாருங்கள். அவை எடுத்தபடியே உள்ள படங்கள், கணினியின் ஊகம் அவற்றைத் தொடவில்லை. தண்ணீர்ப் படத்தில் இருக்கும் ஒரு திட்டு அந்த இரண்டிலும் தெரியாவிட்டால் அதை நம்பவேண்டாம். சேமிப்பு இடத்தை மிச்சம்பிடிக்கவென்று சில இடங்களில் தண்ணீர்ப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு மற்ற மூன்றையும் அழித்துவிடுகிறார்கள். நான்கும் சேர்ந்து போகவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ரெண்டு எக்கோவில இவ்வளவு கரைச்சலெண்டா மூண்டு எடுத்தா என்ன?

எடுக்கலாம், எடுக்கிறார்கள். தெரியாத கணியங்கள் மூன்று: தண்ணீர், கொழுப்பு, புலப்பிசகு. மூன்று எக்கோ என்றால் மூன்றுக்கும் சமன்பாடு கிடைக்கும். குளோவரும் ஷ்னைடரும் 1991இல் இதைக் காட்டினார்கள். பிறகு ஸ்கொட் ரீடரும் கூட்டாளிகளும் 2000களின் நடுப்பகுதியில் ஐடியல் என்ற பெயரில், விரும்பிய எக்கோ நேரங்களோடு திரும்பத் திரும்பக் கணித்துத் தீர்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

எக்கோக்களை எங்கே வைப்பது என்பதிலும் நுட்பம் இருக்கிறது. 0, 180, 360 பாகையில் சமச்சீராக வைத்தால், தண்ணீரும் கொழுப்பும் ஏறத்தாழச் சமமாக உள்ள வொக்சல்களில் இரைச்சல் எகிறிவிடும். நடு எக்கோவில் இரண்டும் செங்குத்தாக நிற்க, மற்ற இரண்டும் அதிலிருந்து 120 பாகை முன்னும் பின்னும் இருந்தால் எல்லாக் கலவைக்கும் இரைச்சல் ஒரேமாதிரிக் குறைவு. 120 பாகை என்றால் 1.5 மில்லிசெக்கன் இடைவெளி. மூன்று எக்கோ எடுத்தாலும் முன்கேள்வியில் சொன்ன மாற்றம் முற்றாக ஒழியாது, குறையும்.

அவுட்-பேஸில கறுக்காட்டிக் கொழுப்பு இல்லையெண்டு எழுதலாமோ?

எழுதக்கூடாது. சிறுநீரகத்தில் வரும் அஞ்சியோமயோலிப்போமாவை எடுங்கள். அதன் கொழுப்புப் பகுதியில் ஒரு வொக்சலில் கொழுப்பு 95, தண்ணீர் 5 என்றால் இன்-பேஸ் 100, அவுட்-பேஸ் 90. கறுத்ததாகக் கண்ணுக்கே தெரியாது. அவுட்-பேஸ் படம் கலவைக்குத்தான் கறுக்கும், தனிக் கொழுப்புக்குக் கறுக்காது. அப்படியான கட்டியில் ஓரத்தைச் சுற்றி மட்டும் கறுப்புக் கோடு வரும், உள்ளே வெள்ளையாகவே நிற்கும். கொழுப்புப் படத்தையோ ஃபற்-சற்றையோ பார்த்தால் உடனே பிடிபடும்.

தலசீமியாப் பிள்ளை ஒண்டின்ர ஈரலில கொழுப்புப் பூச்சியம் எண்டு வந்தது. நம்பலாமோ?

இரண்டு எக்கோவில் வந்த எண் என்றால் நம்பவேண்டாம். தலசீமியாப் பிள்ளைகளைப்போல அடிக்கடி இரத்தம் ஏற்றியவர்களின் ஈரலில் இரும்பு சேரும். இரும்பு சமிக்ஞையை வேகமாகத் தின்றுவிடும், ரி2-ஸ்ரார் (சமிக்ஞை மங்க எடுக்கும் நேரம்) குறையும். ரி2-ஸ்ரார் 10 மில்லிசெக்கன், உண்மையான கொழுப்பு 10% என்று வைத்துப் பார்ப்போம். இரும்பு இல்லாவிட்டால் அவுட்-பேஸ் 80, இன்-பேஸ் 100. இப்போது 2.3 மில்லிசெக்கனில் 79% மிஞ்சும், 4.6இல் 63% மிஞ்சும். அவுட்-பேஸ் 63.6, இன்-பேஸ் 63.1. இரண்டும் ஒன்று, ஆகவே கொழுப்பு பூச்சியம் என்று கணக்குச் சொல்லும். இரும்பு இன்னும் கூடினால் இன்-பேஸ் படமே கறுத்துவிடும். அப்படிக் கண்டால் இரும்பு என்று ஊகிக்கலாம்.

இதற்கு மருந்து, ஒரே மூச்சில் ஆறு எக்கோ வரை எடுத்து ரி2-ஸ்ராரையும் இன்னொரு தெரியாக் கணியமாகச் சேர்த்துத் தீர்ப்பது. கூலியாக இரும்பின் அளவுக்கும் ஒரு கணிப்புக் கையில் கிடைக்கும்.

தண்ணிப் படம் சரியாத்தான் பிரிஞ்சிருக்கு. ஆனாத் தோலுக்குக் கீழ கொழுப்பு முழுக்கக் கறுக்கேல்லை, சாம்பலா நிக்குதே?

கொழுப்பை ஒற்றை மீடிறன் என்று இதுவரை எழுதி வந்தேன், அது வசதிக்காக. உண்மையில் சங்கிலியின் வேறு வேறு இடத்து ஐதரசன்கள் வேறு வேறு மீடிறனில் சுழல்கின்றன. வழக்கமாக ஆறு உச்சியாக எடுத்துக் கணிப்பார்கள். 3.4 பங்கு தள்ளியிருப்பது பெரிய உச்சி, மொத்தத்தில் சுமார் 70%தான். இரட்டைப் பிணைப்பில் உள்ளவையும் கிளிசரோலுக்குக் கிட்ட உள்ளவையும் தண்ணீரின் பக்கத்திலேயே நிற்கின்றன, ஏறத்தாழ 9%. ஒற்றை உச்சிக் கணக்கு அவற்றைத் தண்ணீர் என்று எழுதிவிடும். ஃபற்-சற்றிலும் இதே சாம்பல் நிற்கும், அதே காரணம்.

"ஈரலில் கொழுப்பு 12 வீதம்" எண்டு எழுதியிருக்கு. ஈரலின்ர நிறையில எட்டிலொண்டு கொழுப்போ?

இல்லை. தண்ணீர், கொழுப்பு இரண்டும் தந்த புரோத்தன் சமிக்ஞையில் 12% கொழுப்பினுடையது என்றே பொருள். ஈரலின் உலர்ந்த புரதம் அந்தக் கணக்கில் இல்லை. பொதுவாக 5% அளவைத் தாண்டினால் கொழுப்பு ஈரல் என்பார்கள். அல்ட்ராசவுண்டில் "கிரேட் 1, கிரேட் 2" என்று வருவதோடு இதை நேராக ஒப்பிடாதீர்கள்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது எடுத்த விதத்தில் இருக்கிறது. முன் இரண்டு விடைகளில் சொன்ன ஆறு உச்சியும் ரி2-ஸ்ரார் திருத்தமும் வேண்டும். அதோடு புரட்டும் கோணம் (துடிப்பு புரோத்தனைச் சாய்க்கும் அளவு) சிறிதாக, 3 முதல் 5 பாகைக்குள் இருக்கவேண்டும். கொழுப்பின் ரி1 குறைவு என்பதால், கோணத்தைக் கூட்டினால் கொழுப்பு விரைவாக மீண்டு வந்து தன்னை அதிகமாகக் காட்டிக்கொள்ளும். படம் அழகாக வரக் கோணத்தைக் கூட்டுகிறவர் அளவைக் கெடுக்கிறார். இந்த மூன்றும் செய்திருந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொத்துரொட்டியைக் குறைத்தவர்களுக்கு எண் இறங்கியிருக்கும்.

மூளையில டிஃபியூசன் எடுக்கேக்க ஃபற்-சற் கட்டாயமெண்டு சொல்லுகினம். அங்க டிக்சன் ஏன் இல்லை?

டிஃபியூசன் (தண்ணீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் படம்) பெரும்பாலும் ஈ.பி.ஐ. முறையில், ஒரே வீச்சில் முழுப் படத்தையும் வாரி எடுப்பது. வரிக்கு அரை மில்லிசெக்கன், 100 வரி என்றால் மொத்தம் 50 மில்லிசெக்கன். ஒரு பிக்சலுக்கு 20 ஹேர்ட்ஸ்தான் விழும். 217 ஹேர்ட்ஸ் தள்ளியுள்ள கொழுப்பு 11 பிக்சல் தள்ளிப்போய் விழும். தலையோட்டைச் சுற்றிய கொழுப்பு வளையம் மூளையின் மேல் பிறைபோல வந்து கிடக்கும். டிக்சன் செய்யப் பல எக்கோ நேரத்தில் திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும், ஏற்கெனவே பலதரம் எடுக்கும் டிஃபியூசனில் நேரம் பன்மடங்காகும். முதலிலேயே கொழுப்பை அமத்திவிடுவது அங்கே சரியான வழி.

இதயத்துக்கு எடுக்கிற ட்ரூ-ஃபிஸ்ப், ஃபியெஸ்ரா வகையில? அதில எக்கோக்கு இடமே இல்லையே?

நல்ல கேள்வி. துடிக்கும் இதயத்தை வேகமாக எடுக்கும் ஒரே முறைக்குக் கொம்பனிகள் வைத்த பெயர்கள் இவை. இந்த வகையில் ரி.ஆர். சில மில்லிசெக்கனுக்குள் நிற்கவேண்டும். நீண்டால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். மூன்று எக்கோவுக்கு அதில் இடம் தேடுவது கடினம். ஆனால் அந்தப் பட்டைகளிலேயே ஒரு வழி ஒளிந்திருக்கிறது. பட்டைக்குப் பட்டை மீடிறன் இடைவெளி, ஒன்றை ரி.ஆர்.ஆல் வகுத்தால் வருவது. ஒரு பட்டையைத் தாண்டி அடுத்த பக்கம் போனால், ரி.ஆர்.இன் நடுவில் எடுக்கும் சமிக்ஞையின் அவத்தை 180 பாகை புரண்டுவிடும். ரி.ஆர்.ஐ 4.6 மில்லிசெக்கனாக வைத்தால் இடைவெளி 217 ஹேர்ட்ஸ்: தண்ணீர் ஒரு பக்கத்தின் நடுவில், கொழுப்பு அடுத்த பக்கத்தின் நடுவில். ஒரே படத்தில் அவத்தையின் குறியைப் பார்த்தே பிரித்துவிடலாம். பிரையன் ஹாக்ரீவ்ஸும் கூட்டாளிகளும் 2003இல் இதை வெளியிட்டார்கள். மேலதிக ஸ்கான் நேரம் ஒன்றுமே இல்லை.

குறை ஒன்று உண்டு. வொக்சலுக்குள் இரண்டும் கலந்திருந்தால் கூடியது முழுவதையும் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் 60, கொழுப்பு 40 என்றால் "தண்ணீர் 20" என்று எழுதும், கொழுப்பு என்ற பேச்சே இராது. முழங்கால் குருத்தெலும்பு, இரத்தக்குழாய் போன்ற பிரிந்து நிற்கும் அமைப்புகளுக்குச் சரி. ஈரலில் கொழுப்பு அளக்க இதைத் தொடவேண்டாம்.

வீட்டில இருந்து ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் கொண்டந்து டிக்சனைச் சோதிச்சுப் பாக்கலாமோ?

ஆசை நல்லது, எண்ணெய் சரியில்லை. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். யாழ்ப்பாண வெயிலில் தண்ணீர்போல இருக்கும் போத்தல், குளிரூட்டிய ஸ்கான் அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் வெள்ளைக் கட்டியாகிவிடும். உறைந்த கொழுப்பின் ரி2 மிகக் குறுகியது, சமிக்ஞை பெருமளவு காணாமல் போய்விடும். உறையாவிட்டாலும் அதில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு, ஆறு உச்சியின் விகிதம் மனித உடற்கொழுப்போடு ஒத்துவராது. கச்சான் (நிலக்கடலை) எண்ணெய் அதற்குக் கிட்ட வரும், ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் அதையே எடுக்கிறார்கள். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு இன்னும் கொஞ்சம் கூட, ஆனாலும் தேங்காயெண்ணெயைவிட எவ்வளவோ மேல்.

வெப்பநிலையையும் பாருங்கள். தண்ணீரின் மீடிறன் பாகைக்கு மில்லியனில் 0.01 பங்கு நகரும், கொழுப்பினுடையது ஏறத்தாழ அசையாது. 20 பாகை அறையில் வித்தியாசம் 3.4 ஆக இராமல் 3.57க்குப் போய்விடும், அதாவது 11 ஹேர்ட்ஸ் கூடுதல். 37 பாகை உடம்புக்கு எழுதிய கணக்கு அந்தப் போத்தலில் சற்றுப் பிசகித்தான் வரும். தண்ணீரும் எண்ணெயும் இடம் மாறி வருகிறதா என்று பார்க்க இந்தப் பிசகு பெரிதில்லை. வீதத்தைச் சரிபார்க்கவே சோதனை என்றால், போத்தலை வெந்நீரில் வைத்து 37 பாகைக்குக் கொண்டுவந்து, ஆறவிடாமல் துணி சுற்றி எடுங்கள். மூடியை இறுக்கி, ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். கொயிலில் எண்ணெய் சிந்தினால் அன்றைய வேலை முழுவதும் துடைப்பதிலேயே போய்விடும்.